அமலராணி மார்க் ஊறுகாய்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, டைப் அடித்தேன். 1979இல் காரைக்கால் பக்கம் தலத்தெருவில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய் வியாபாரி பிலோமின்ராஜ், தன் டிரேட் மார்க்கைப் பதிவு செய்ய மனு அடிக்க வந்தார். அதன் கார்பன் காப்பி என்னிடம் தங்கிவிட்டது. அதில் ஒரு கையெழுத்து இல்லை.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காரைக்கால் கடற்காற்றில் நார்த்தங்காய் மணம் தவழ்ந்து—’

தவழவில்லை. தெருவில் அடித்தது கருவாட்டு வாடை. விடுங்கள்.

பிலோமின்ராஜின் புட்டிகளில் ஒரு பெண் முகம் இருக்கும். அவர் மனைவி அமலராணி. எட்டு வருஷமாக நெரவி, குரும்பகரம் என்று எல்லாப் பெட்டிக்கடையிலும் அந்த முகம்தான் சிரித்தது. திடீரென்று எவனோ அதே முகத்தை அச்சடித்து மட்டமான ஊறுகாயை விற்க ஆரம்பித்தான். ‘அமலராணிக்குக் கைப்பக்குவம் போயிடுச்சு’ என்று ஊர் பேசியது. கடைக்காரர்கள் நல்ல சரக்கையும் திருப்பி அனுப்பினார்கள். பதிவு செய்யாவிட்டால் தொழில் படுத்துவிடும்.

மதராஸ் வக்கீல் எழுதியிருந்தார்: உயிரோடு இருப்பவரின் முகம் என்றால் அவருடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும்.

3
(பிலோமின்ராஜைக் கெட்டவராக்கினால் கதை சுலபம். ஆனால் மனிதர் கெட்டவரில்லை. கேட்கத் தோன்றாதவர், அவ்வளவுதான்.)

மனைவியை என்னிடமே அழைத்து வந்தார்.

“இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“எதுக்குங்க?”

“உன் மூஞ்சிய லேபிள்ல போட சம்மதம்னு.”

“எட்டு வருஷமா ஊரெல்லாம் ஒட்டுனீங்களே, அப்ப கேட்டீங்களா?”

“அப்ப சட்டம் தெரியாதுடி.”

“எனக்கும் இப்பதான் தெரியுது. மனுதாரர்னு போட்டிருக்கே, அது யாரு பேரு?”

“என் பேருதான்.”

“ஊறுகா போடுறது யாரு?”

பிலோமின்ராஜ் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டர் ரிப்பனைப் பார்த்தேன்.

“யோசிச்சுச் சொல்றேங்க” என்று அமலராணி மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே எனக்கு மாஹேயில் சர்க்கார் வேலை கிடைத்தது. நானும் போய்விட்டேன்.

4
ஐந்து வருஷம் கழித்து இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், மனுதாரர் கட்டத்தில் இருவர் பெயரும் ஏறியது. மற்றதில், பிலோமின்ராஜ் வீம்புக்கு லேபிளில் கிளிப் படம் போட்டார், வியாபாரம் விழுந்தது.

எது நடந்தது என்று கேட்க, போன வாரம் மாஹேயிலிருந்து லீவில் ஊருக்கு வந்தபோது கதையை எடுத்துக்கொண்டு அமலராணி வீட்டுக்கே போனேன். படித்தார். கிளி வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கிளி எந்த ஊர்ல மாஸ்டர் ஊறுகா போடுது?”

பிறகு சிரிப்பு நின்றது.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என் பேரு, எங்க வீட்டுப் பேச்சு, எல்லாம் இருக்கு. என்னைக் கேட்டீங்களா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “இப்ப கேக்குறேங்க. அப்படியே முடிவு என்னன்னும் சொல்லிடுங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்று தாள்களை மடித்து உள்ளே கொண்டுபோய்விட்டார்.

5
என்னிடம் இருப்பது மறுபடியும் கார்பன் காப்பிதான். இது அச்சாகி உங்கள் கைக்கு வந்திருந்தால், ஒன்று அமலராணி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நானும் ஒரு பிலோமின்ராஜ் ஆகியிருக்க வேண்டும்.

எது என்று நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.