ஒன்பதாவது வரிசையின் பிஸ்கட் டப்பா

தலை எண்ணுகிற வழிகாட்டிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. விரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்தபடி பேருந்துக்குள் நடப்பார்கள். நடுவில் யாராவது கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இருபத்திரண்டு வருடமாக பெல்ஜியத்தின் லீயேஜிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறேன், ஒரு தடவைகூட எண்ணியதில்லை. மைக்கை எடுத்து ஒரே கேள்விதான் கேட்பேன்.

"பக்கத்துல பாருங்க, உங்க ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க!" என்று பேருந்தே அதிரும். கிளம்பிவிடுவோம்.

ஓட்டுநர் லுதோவுக்கு இது பிடிக்காது. "ஷிஸ்லேன், ஒரு நாள் நல்லா மாட்டப்போறே பாரு," என்பான்.

"நீ ரோட்டைப் பாரு. ஆளை நான் பார்த்துக்கறேன்," என்பேன்.

இந்த டிசம்பரில் பிரான்சின் மெட்ஸ், நான்சி, ஸ்ட்ராஸ்பூர்க், கொல்மார் என்று நான்கு நாள் பயணம். முப்பத்தெட்டுப் பேர், பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். ஒன்பதாவது வரிசையில் மொஸ்யு அர்மான் பிரோத் தனியாக உட்கார்ந்திருந்தார். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிப்ரவரியில் தனக்கும் மனைவி இவெத்துக்கும் சேர்த்து இடம் பிடித்திருந்தார். மே மாதம் இவெத் இறந்துபோனாள். அவர் பயணத்தையும் விடவில்லை, பக்கத்து இருக்கையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் ஒரு தகர டப்பா இருந்தது. டப்பா நிறைய இலவங்கப்பட்டை பிஸ்கட்.

முன்பெல்லாம் இவெத் சுட்டுக் கொண்டுவருவாள். இந்தத் தடவை அவரே சுட்டிருக்கிறார், ஓரமெல்லாம் கருகிக் கல்லாக இருந்தது. பேருந்து கிளம்பினதும் டப்பா ஒன்பதாவது வரிசையிலிருந்து புறப்பட்டுப் பேருந்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்சீட்டு மதாம் லாம்பெர்தினின் வாய் மட்டும் சும்மா இருக்காது. "பல்லு போனா புதுசு கட்டிக்கலாம். இன்னொண்ணு குடுங்க, மொஸ்யு."

மூன்றாம் நாள் கொல்மார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நல்ல பனி கொட்டியது. எல்லாரும் சூடான ஒயின் வாசனையோடும் கை நிறையப் பைகளோடும் வந்து ஏறினார்கள். பேருந்தை எடு எடு என்று போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். நான் கேள்வியைக் கேட்டேன், "இருக்காங்க!" என்று கத்தினார்கள். லுதோ வண்டியை எடுத்தான்.

இருபது நிமிடம் போயிருக்கும். "ஷிஸ்லேன், டப்பா வரலையே," என்றாள் லாம்பெர்தின்.

"என்ன டப்பா?"

"பிஸ்கட் டப்பாம்மா. கிளம்பி இவ்ளோ நேரமாச்சு."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்பதாவது வரிசையில் இரண்டு இருக்கையும் காலி. அவருடைய கழுத்துக் கம்பளித்துணி மட்டும் கிடந்தது. அவரிடம் போனும் இல்லை. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்.

லுதோ "அன்னைக்கே சொன்னேன்ல" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "அடுத்த திருப்பத்துல வண்டியைத் திருப்பறேன்," என்று மட்டும் சொன்னான்.

"ஹோட்டல்ல சூப் ஆறிடுமே," என்று ஒருவர் இழுத்தார்.

"ஆறினா ஊதாம குடிங்க," என்றாள் லாம்பெர்தின்.

போகிற வழியெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது வழுக்கும் கல் படியும், கால்வாய்த் தண்ணீரும், அவருடைய மோசமான முழங்காலும்தான். பேருந்து நிறுத்தத்துக்குள் திரும்பினபோது நிழற்குடை விளக்கடியில் நின்றுகொண்டிருந்தார். தோள் முழுக்கப் பனி. டப்பாவைக் கோட்டுக்குள் வைத்து அணைத்திருந்தார். கதவு முழுதாகத் திறப்பதற்குள் குதித்து ஓடினேன்.

"லேட்டாயிடுச்சு ஷிஸ்லேன், மன்னிச்சுக்க," என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! "காலையிலேயே டப்பா காலி. வெறும் டப்பாவோட எப்படி ஏறறது? கடையில பெரிய வரிசை. வாங்கிட்டு வர்றேன், வண்டியோட பின்விளக்கு போகுது."

"யார்கிட்டயாவது போன் வாங்கிப் பேசியிருக்கலாமே!"

"நாப்பது வருஷம் ரயில்ல இருந்தவன்மா. விட்டுட்டுப் போன இடத்துலயே நின்னா, எடுக்க வர்றவங்களுக்குச் சுலபம்."

"நான் கேட்டேனே, மொஸ்யு. எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னாங்களே," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எனக்காகச் சொல்ல பக்கத்துல யாரு இருக்கா?" என்றார். குரலில் கோபமே இல்லை. "நீ மூணு நாளா கேக்கறே. நீ கேக்கறப்பெல்லாம் நானும் பக்கத்துல பார்க்கறேன்."

நான் அங்கேயே அழுதேன். மனைவியைப் புதைத்த மனுஷனிடம், ஒரு நாளைக்கு நாலு தடவை, மைக் போட்டுக் கேட்டிருக்கிறேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, "ஏறு, சூப் ஆறுது," என்றார். அன்று டப்பா பேருந்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. கடை பிஸ்கட் வாயில் போட்டதும் கரைந்தது. பழையதே தேவலை என்று எல்லாரும் கூசாமல் பொய் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் ஊர் திரும்பக் கிளம்பும்போது மைக்கைத் தொடவில்லை. விரலை நீட்டி எண்ணிக்கொண்டே நடந்தேன். லுதோ கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான், சிரிக்கட்டும். ஒரு பக்கமாக எண்ணிப் பதினேழு வரை வந்தவள் ஒன்பதாவது வரிசையில் நின்றுவிட்டேன். மொஸ்யு பிரோத்துக்குப் பக்கத்தில் லாம்பெர்தின் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். டப்பா அவள் மடியில்.

"என் தங்கச்சி குறட்டை தாங்கல, இடம் மாறிட்டேன்," என்றாள். "அது சரி, நீ என்ன பண்றே?"

"எண்ணறேன்."

"பார்க்கச் சகிக்கல. விரலை மடக்கு. எப்பவும் கேக்கறதைக் கேளு."

நான் அவரைப் பார்த்தேன்.

"கேளும்மா," என்றார்.

"பக்கத்துல பாருங்க. உங்க ஆள் இருக்காங்களா?"

வழக்கமான கூச்சல் எழவில்லை. எல்லாரும் ஒன்பதாவது வரிசைக்காகக் காத்திருந்தார்கள். அவர் திரும்பிப் பக்கத்தில் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்காங்க," என்றார். "மூணாவது பிஸ்கட் தின்னுட்டு இருக்காங்க. டப்பா காலியாகறதுக்குள்ள வண்டியை எடுக்கச் சொல்லு."