பின்கட்டுத் தொட்டியில் தங்காத மீன்

1957 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காஜா பெராங்கில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கலியாணசுந்தரத்தின் வீட்டுப் பின்கட்டில் தனியாக வைக்கப்பட்டிருந்த புதுக் கோமாளி மீன், தொட்டியை விட்டு எழும்பி, காற்றில் நீந்தி, சமையலறையைக் கடந்து கூடத்துக்கு வந்தது. அன்று பசார் சந்தையில் கெம்போங் மீன் மலிவு. வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை என்பதை, அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்த அவர் மனைவி சிவகாமசுந்தரி நல்ல வளர்ப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். டிரெஸ்ஸர்தான் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு அதைத் துரத்தினார்.

அவர் தொற்றுநோய் வார்டில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் வேலை பார்த்தவர். அவரோடு கைகுலுக்க விரும்புகிறவர்கள் முதலில் கையைக் கழுவ வேண்டும். குலுக்கியபின் அவர் போய்த் தன் கையைக் கழுவிக்கொள்வார். இருமலே இல்லாத உயிர் என்பதால் தனக்கு மீன்களைப் பிடிக்கும் என்று சொல்வார். கிளேபாங் கடற்கரையிலிருந்து சைக்கிளில் தகர டின் கட்டித் தண்ணீர் கொண்டுவந்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பழைய லாரி டியூபில் அடைத்த காற்றை மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் கசியவிட்டு, கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்த்தார். அதற்கு முந்தின மாதம், ஜவுளிக்கடை நாகூர் மீரான் பூலாவ் பெசார் தீவிலிருந்து ஒரு டின் நிறையப் புது மீன் கொண்டுவந்து, ஆசை ஆசையாய் அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டார். ஒரே வாரத்தில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி வந்து எல்லாம் மிதந்தன. தொற்றுநோய் டிரெஸ்ஸர் வீட்டுக்குள்ளேயே தொற்றுநோய். துக்கம் கேட்க வந்த தெருக்காரர்கள் எங்களில் பாதிப்பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனோம். மீதிப்பேருக்கு அடக்க முடியவில்லை. தப்பியது ஒரே ஒரு கோமாளி மீன். ஜோடி செத்த நாளிலிருந்து அது மூலையில் நின்றுகொண்டு தீனியை வேண்டாம் என்றது. துணை வராவிட்டால் பட்டினியில் போய்விடும். வருகிற துணை புள்ளியோடு வந்தால் நோயில் போய்விடும்.

ஆகவே துணையாக வரும் புது மீனுக்குப் பின்கட்டில் இரண்டாவது தொட்டி. மணல் இல்லை, பவளம் இல்லை. ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி ஒன்று, நோய்க்கு மருந்தாக அளந்து கரைத்த மயில்துத்தம், தனி டின், தனி வலை, தனித் துண்டு. ஒரு மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

"டிரெஸ்ஸரே, இது அவுலியாமாரு, மகானுங்க அடங்கின தீவு மீனு. இதுக்கு எங்கேர்ந்து நோவு வரும்?" என்றார் புது மீனோடு வந்த நாகூர் மீரான்.

"அவுலியாவுக்கு வராது நானா. மீனுக்கு வரும்."

மறுநாளே அதன் வாலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அதற்கு மறுநாள்தான் அது காற்றில் கிளம்பியது.

அவர் பலகை போட்டு மூடினார். கொசுவலை கட்டினார். பலகைமேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கல் வைத்த இடத்திலேயே இருந்தது. மீன் கூடத்தில் இருந்தது. இந்தத் தொட்டி வலையும் கூடாது, அந்தத் தொட்டி வலையும் கூடாது என்பதால் காற்றுக்கென்று மூன்றாவது வலை தைத்தார். அது நீந்திப்போன வழியெல்லாம் ஆகாயத்தில் பினாயில் தெளித்தார். அந்த வாரம் அவர் வீட்டு ரசம் யாருக்கும் இறங்கவில்லை. ஒரு நாள் முக்காலி போட்டு உட்கார்ந்து, நோய் பரவும் விதத்தை மீனுக்கே விளக்கிச் சொன்னார். அது பாதிவரை கேட்டது. அவர் தண்ணீர் குடிக்க எழுந்ததும் கிளம்பிவிட்டது.

"போதும். நாளைக்குக் கிளேபாங்குல விட்டுட்டு வந்துர்றேன். கூடத்துல இருக்கிறது செத்தா சாகட்டும்" என்று வலையை வீசி எறிந்தார்.

"அது தப்பிச்சு ஓடலீங்க. ஆளத் தேடிக்கிட்டு வருது" என்றார் சிவகாமசுந்தரி, கீரை ஆய்ந்துகொண்டே.

"ஆமா, உங்கிட்ட வந்து சொல்லுச்சு."

"சொல்லணுமா? ஊர்லேர்ந்து வந்து கப்பல விட்டு எறங்கினதும் என்னைய முகாம்ல அடைச்சு வச்சாங்கல்ல, அப்ப நான் எத்தன வாட்டி வேலிக்கிட்ட வந்து பாத்தேன் தெரியுமா?"

"அது சட்டம், சுந்தரி. அம்மை கிம்மை இருக்கான்னு பாப்பான். உள்ள ஒருத்தரையும் விடமாட்டான்."

"உள்ள விடமாட்டான். வெளிய நிக்கக் கூடாதுன்னானா? மத்தவளுங்க புருசனெல்லாம் வந்து வெயில்ல நின்னான். எனக்குத்தான் சட்டம் பேசிக்கிட்டு வராத புருசன்."

டிரெஸ்ஸர், எறிந்த வலையை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தார், இம்முறை பேசாமல். மீன் விளிம்புவரை வந்து, அவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கியது. அவர் எழுந்தால் அதுவும் எழுந்தது, உட்கார்ந்தால் அடங்கியது. லீவு போட்டார். அவர் குளிக்கப் போகும்போது மனைவி உட்கார்ந்தார். மெர்டேக்கா விடுதலை நாளன்று ஊரே பண்டார் ஹிலிர் மைதானத்துக்குக் கொடியோடு போனபோது, காஜா பெராங்கில் சுதந்திரம் கிடைக்காமல் இருந்தவர்கள் ஒரு மீனும் ஒரு டிரெஸ்ஸரும்தான். சிவகாமசுந்தரியும் போகவில்லை. இரண்டு தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த முகாமில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக டிரெஸ்ஸர் கேட்டார். பதில் சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

புள்ளிகள் உதிர்ந்தன. மாதம் முடிந்ததும் புது மீன் கூடத்துத் தொட்டிக்குள் போனது; அன்றே பழைய மீன் இறால் துணுக்கைத் தின்றது. அதன்பிறகு இரண்டும் தோன்றும்போதெல்லாம் வெளியே வந்து, கூடத்தில் ஒரு சுற்றுப் போய்விட்டு, தாமாகவே தண்ணீருக்குத் திரும்பின. மூடி போடுவதை டிரெஸ்ஸர் விட்டுவிட்டார். அடுத்த வருஷம் அந்த வீட்டுக்கு மின்விசிறி வந்தது. புழுக்கம் தாங்காமல் அதைப் போடச் சொல்லும் விருந்தாளிகளிடம் சிவகாமசுந்தரி மேலே கையைக் காட்டுவார். இறக்கைகளுக்கு நடுவே மீன் இரண்டும் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களும் குரலைத் தணித்துக்கொண்டு, செய்தித்தாளை மடித்து விசிறிக்கொள்வார்கள்.