நாலு லேஞ்சியும் ஒரு புகாரும்

1

மனித குலத்தின் வரலாறு என்பது யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதன் வரலாறே. அரியணைகளும் பந்திகளும் தேவாலயத்தின் முன்வரிசைகளும் அந்த ஒற்றைக் கேள்விக்கு நாகரிகம் தேடிக்கொண்ட விடைகள்.

எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பிறகு வாசித்துப் பார்த்தேன். இது ஒரு விமானக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போக வேண்டிய புகாரின் முதல் பத்தி.

ஆமாம், இந்தக் கதை புகாராகத்தான் பிறந்தது. எங்கள் தெருவில் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வாசகம், கல்யாண வாழ்த்து, சாக்கடை அடைப்புக்கு மாநகராட்சி மனு எல்லாம் நான்தான் எழுதுகிறேன். இலக்கியமும் எழுதுவேன், அதை யாரும் கேட்டு வந்ததில்லை. போன மாதம் கேப்டன் வில்பிரட்* வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"நல்லாக் காரமா எழுதணும். ஒரு குடும்பத்தப் பிரிச்சிட்டானுவ. துட்டு ஒண்ணும் வேண்டாம். எழுத்துல மன்னிப்புக் கேக்கணும், அவ்வளவுதான்னு போடு."

(* கேப்டன் என்பது அவர் தனக்குக் கொடுத்துக்கொண்ட பதவி. மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப்போன தோணிகளில் தண்டலாக இருந்தவர். தோணிக்குத் தலைவர் தண்டல்தான், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் அப்படிப் போட்டால் வட்டி வசூலிக்கிற ஆள் என்று நினைத்துவிடுவார்களாம்.)

2

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மர்மம் வைத்து எழுதும் தெம்பு எனக்கு இல்லை.

வில்பிரட், அவர் மனைவி பிளாரன்ஸ், மகன் ஜாக்சன், சென்னையிலிருந்து வந்திருந்த மகள் டெல்பின், நான்கு பேரும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குக் கிளம்பினார்கள். வர வேண்டிய விமானத்தில் ஏதோ கோளாறு. பதிலுக்கு வேறொன்று வந்தது. போர்டிங் பாஸில் இருந்த இருக்கை எண்கள் அதற்குப் பொருந்தவில்லை. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஓர் இடம் பாக்கியில்லாமல் நிரம்பப்போகிற விமானம்.

எதற்காகப் போனார்கள் என்பதைப் புகாரில் எழுதக் கூடாது என்றார் வில்பிரட். கதையில் எழுதலாம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். பிளாரன்ஸுக்கு மறதி நோய். கட்டிய புருஷனைப் பார்த்து, யாரைப் பார்க்கணும் என்று மரியாதையாக விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். ஒருமுறை திரேஸ்புரத்தில், மீன் ஏலக் கூட்டத்துக்கு நடுவே நைட்டியோடு நின்றவரைக் கூட்டிவந்தார்கள். அன்றிலிருந்து வில்பிரட் ஒரு துண்டின் ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டுதான் படுப்பார். (படுப்பார் என்றுதான் எழுதியிருக்கிறேன், தூங்குவார் என்று அல்ல.)

சென்னையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் டெல்பின் இடம் பார்த்திருந்தாள். பிளாரன்ஸை அங்கே விட்டுவிட்டு வரத்தான் போனார்கள். அவரிடம் பூசைக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆகவே வில்பிரடுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பறக்கிற அந்த ஒன்றரை மணி நேரம் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும்.

"எறங்குனதும் காரு. காருல அவ முன் சீட்டுதான் கேப்பா. அப்புறம் சிஸ்டர்மாரு வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாங்க. பக்கத்துல இருக்கதுன்னா இந்தப் பிளேன்ல இருக்கதுதான்லே." சொல்லிவிட்டு உடனே, "இத எழுதாத," என்றார்.

3

இனி கதை. தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

ஒன்று: 'வாகைக்குளம் விமான நிலையத்து ஓடுபாதையில் வெயில் உருகி ஓடிக்கொண்டிருந்த அந்த—' வெயில் உருகாது. தார்தான் உருகும். அடித்துவிட்டேன்.

இரண்டு: 'முத்துக் குளித்தோரின் வழித்தோன்றல் ஒருவர், ஆழ்கடலில் மூச்சடக்கிய மூதாதையரின் நினைவு நெஞ்சில் அலையடிக்க, விமானத்தின் முதல் படியில் கால் வைத்தபோது—' அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்று ஜாக்சன் சொன்னான். இதையும் அடித்தேன். (தூத்துக்குடி என்றால் எங்காவது ஒரு முத்தை உருட்டிவிட வேண்டும் என்பது இங்கே பேக்கரிக்காரர் முதல் பாடலாசிரியர் வரை எல்லோருக்கும் உள்ள வியாதி. எனக்கு மட்டும் விட்டுவிடுமா?)

மூன்று: ஜாக்சன் ஓடினான்.

இது பரவாயில்லை. ஜாக்சன் ஓடினான். ஷிப்பிங் ஏஜென்சியில் உதவி மேலாளர். விடுமுறை நாளிலும் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத ஆள். அவன் கையில் அப்பா நாலு லேஞ்சியைத் திணித்திருந்தார். லேஞ்சி என்றால் கைக்குட்டை. போர்த்துக்கீசியர் இந்தக் கரையில் விட்டுப்போன சொல். இன்னும் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிறோம். திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவதுபோல நாலு சீட்டிலும் போட்டுவிட வேண்டியது, அப்புறம் எவன் உட்காருவான் என்பது திட்டம். தவறான திட்டம் என்று சொல்லமாட்டேன். சீட்டில் கிடக்கிற லேஞ்சியை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருகிறவன் எங்கள் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

நான்காவது வரிசையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. போட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினான். கீழே படிக்கட்டின் அடியில் பிளாரன்ஸ் நின்றுகொண்டு, கோயில் என்று சொல்லிவிட்டு இதென்ன ஏணியில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு வர நேரமானது.

அதற்குள் சுப்ரஜா என்ற பணிப்பெண், பாவம் வெளியூர்க்காரி, நாலு லேஞ்சியையும் இரண்டு விரலால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள். அதை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, முந்தின பயணிகள் விட்டுவிட்டுப் போனதா, இங்கே யாருடையதாவதா என்று கேட்டாள்.

விமானத்தில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாயிரம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் பஸ்ஸைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வார்களா? ஜாக்சன் வாசலில் நின்று பார்த்தான். இரண்டாவது வரிசையில் அவனுடைய மேலாளர் உட்கார்ந்திருந்தார். ஜாக்சனும் வாய் திறக்கவில்லை.

நான்காவது வரிசை அவன் கண் முன்னால் நிரம்பியது. ஒரே ஒரு ஜன்னலோரம் மிஞ்சியது.

4

அந்த ஜன்னலோரத்தில் பிளாரன்ஸை உட்கார வைத்தார்கள். டெல்பினுக்கு நேர் பின்னால் ஐந்தாவது வரிசை. ஜாக்சனுக்கும் வில்பிரடுக்கும் பதினொன்றாவது வரிசையில், ஆளுக்கொரு பக்கம்.

வில்பிரட் உட்காரவில்லை. நடைபாதையில் நின்று பேசினார். குடும்பம் என்பது ஒரே சரக்கு, அதைப் பிரித்து ஏற்றினால் ஓட்டம் சரியாக இருக்காது என்றார். விமானத்தின் எடைக் கணக்கைச் சொல்லி சுப்ரஜா அவரை உட்காரச் சொன்னதும், பாரம் ஏற்றுவதைப் பற்றி எனக்கா பாடம் என்று மாலத்தீவு வரை போய்வந்தார். நாலைந்து பேர் போனில் படம் பிடித்தார்கள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'என் மனைவிக்கு நினைவு தப்பிவிட்டது, இன்று கொண்டுபோய் விடப்போகிறேன்.' மொத்த விமானமும் எழுந்து இடம் கொடுத்திருக்கும். அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கௌரவம் தடுத்திருக்கும் என்று நானே பதிலையும் எழுதி வைத்திருந்தேன். கௌரவத்தைப் பற்றி ஒரு நல்ல பத்தியும் தயாராக இருந்தது.

"அவ கேட்டுக்கிட்டு இருந்தாள்லா," என்றார்.

அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டேன்.

[இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம்.] பிளாரன்ஸுக்குப் பக்கத்தில், நடைபாதையோரம் உட்கார்ந்திருந்தவர் சக்ரபாணி. ஆழ்வார்திருநகரிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளி ஆண்டு விழாக்களில் கூட்டுக்குடும்பத்தின் மேன்மை பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். பேசிவிட்டு, தான் மட்டும் வசிக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போவார். புகார் என்றால் ஒரு வில்லன் வேண்டும். ஆகவே முதல் வரைவில் அவரை இடம் மாற மறுக்க வைத்தேன். 'எனக்கு முழங்கால் மடங்காது, இந்த இடம்தான் சௌகரியம், வேறே யாரையாவது கேளுங்கோ' என்று வசனமும் கொடுத்தேன். முழங்கால் மடங்காது என்பது மட்டும் உண்மை. மீதி நான் அவர் வாயில் வைத்தது. நெற்றியில் திருமண் இட்ட ஒருவர் என் கதைக்குள் வந்தால் இரண்டாவது பத்திக்குள் கெட்டவராகிவிடுகிறார், கைப்பழக்கம்.

5

முடிவுகள்.

(அ) யாரோ ஒரு பெண் விஷயத்தை ஊகித்துவிடுகிறாள். காதுக்குக் காது செய்தி போகிறது. விமானமே எழுந்து நிற்கிறது. நான்காவது வரிசை முழுக்கக் காலி. கைதட்டல். இது வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும். காலை வணக்கத்தோடு எனக்கே திரும்பி வரும்.

(ஆ) யாரும் அசையவில்லை. ஒன்றரை மணி நேரமும் அவர் பதினொன்றாவது வரிசையிலிருந்து மனைவியின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே போகிறார். கேப்டன் என்னிடம் எழுதச் சொன்னது இதைத்தான். தேதி போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டு, எழுதியும் வைத்திருக்கிறேன்.

(இ) நான் எழுத்தாளன். ஒரே வரியில் எல்லாப் பயணிகளையும் இறக்கிவிட்டு நால்வரையும் விரும்பிய இடத்தில் உட்கார வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. செய்தும் பார்த்தேன். காலி விமானம், முன்னும் பின்னும் வெற்று இருக்கைகள், நால்வரும் ஒரே வரிசையில். அப்போதும் அது சென்னையில்தான் இறங்குகிறது. சரி என்று வானத்தில் திருப்பி வாகைக்குளத்திலேயே இறக்கினேன். வீட்டுக்கு வந்தார்கள். இருட்டியது. வில்பிரட் துண்டை எடுத்து

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எந்தப் பக்கம் முடித்தாலும் அந்தத் துண்டுக்கு இரண்டு முனைதான்.]

6

புகாரை அனுப்பும் முன் ஜாக்சன் வந்தான்.

"டாடி சொன்னத அப்படியே அனுப்பிராதீங்கண்ணே. அங்கன ஆளு இருந்தாங்க, பாத்தவங்க இருக்காங்க. நமக்குத்தான் அசிங்கம்."

பிறகு நின்றபடியே சொன்னான். சக்ரபாணி மறுக்கவில்லை. மறுக்கும்படி அவரை யாரும் கேட்கக்கூட இல்லை. வில்பிரட் பேச்சில் இன்னும் மாலத்தீவில் இருக்கும்போதே மனிதர் எழுந்து, மடங்காத காலை இழுத்துக்கொண்டு பதினொன்றாவது வரிசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இடம் காலியான பிறகும் கேப்டன் கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

பெல்ட் போட்டாயிற்று. கதவைப் பூட்டியாயிற்று, அதையும் வேறொருவர் பூட்டியிருக்கிறார். பிளாரன்ஸ் எழுந்து எங்கும் போய்விட முடியாது.

விமானம் தரையை விடுவதற்குள் வில்பிரட் தூங்கிவிட்டார்.

பின்னால் இருந்த டெல்பின் எழுப்பலாம் என்று இரண்டு முறை கையை நீட்டினாள், மனசு வரவில்லை. இறங்கும் நேரத்தில், சாய்ந்திருந்த இருக்கையை நிமிர்த்தச் சொல்ல சுப்ரஜா வந்தாள். அவர் தோளைத் தொடப்போன கையைப் பிளாரன்ஸ் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதம்மா. யாரு பெத்த புள்ளையோ, உறங்கி ரொம்ப நாளாயிருக்கும் போல."

ஆக, புகாரில் உள்ளது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் வில்பிரட் தன் மனைவி பக்கத்தில் இல்லை என்பது உண்மை. காரணம் விமானக் கம்பெனியாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் கேட்கிறார். யாராவது ஒருவர், எங்காவது ஓர் அலுவலகத்திலிருந்து, உங்கள் குடும்பத்தைப் பிரித்தது நாங்கள்தான், மன்னிக்கவும் என்று எழுதிவிட்டால் அவருக்குப் போதும். நேற்றும் வந்து பதில் வந்ததா என்று கேட்டார். அனுப்பியாயிற்று, பெரிய கம்பெனி, நாளாகும் என்றேன். உறை என் மேஜையில் இருக்கிறது.

அனுப்புவதா கிழிப்பதா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கு ஏதாவது முடிவு தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். (அ) வேண்டுமென்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதைத் தேர்ந்தாலும் ஜாக்சன் கடைசியாகச் சொன்னது ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

குறட்டை பதினொன்றாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கிறது.