ஒரு தடவை கேட்டவன்

நிதுப்புக்கு எபிரேயம் வந்தது பட்டினி கிடந்துதான். அரவா பாலைவனத்துக் குடைமிளகாய்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளியம்மா ஆவி பறக்கும் பாத்திரத்தை முன்னால் வைத்து, "சாப்பிடறியா?" என்று கேட்டாள். நல்ல குடும்பத்துப் பூட்டான் பிள்ளையல்லவா, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்றான். அவள் மறுபடி கேட்க வேண்டும், அவன் மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாவது தடவை கேட்கும்போது அவன் தட்டை நீட்ட வேண்டும். அதுதானே முறை? அந்த அம்மாள் "சரி" என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான்.

சில வருடங்கள் கழித்துத் திம்புவுக்குத் திரும்பியபோது ஆளே மாறியிருந்தான். ஒரு கடைக்கு மேல்மாடியில், அந்த நாட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எபிரேய வகுப்பு எடுத்தான். அவனுடைய அப்பா காடோ கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். படிக்க அல்ல. அங்கே குளிர்காய விறகடுப்பு எரியும்.

"நம்ம ஜோங்கா பாஷையில சாப்பாடு, தூக்கம், சாவு எல்லாத்துக்கும் ரெண்டு வார்த்தை. நமக்கு ஒண்ணு, பெரியவங்களுக்கு ஒண்ணு. அங்க அதெல்லாம் கிடையாது. மந்திரியைக் கூப்பிட்டாலும் 'நீ'தான், மாடு மேய்க்கிறவனைக் கூப்பிட்டாலும் 'நீ'தான்" என்றான் நிதுப்.

"செத்தா?" என்று பின்னாலிருந்து கேட்டார் காடோ.

"ராஜாவுக்கும் நாய்க்கும் ஒரே வார்த்தைப்பா."

"அது சரியாத்தான் வச்சிருக்கான்." பிள்ளைகள் சிரித்தார்கள்.

நிதுப் பலகையில் இரண்டு மொழியிலும் எழுதிக் காட்டினான். "அவங்க எழுதறப்போ உயிரெழுத்தை விட்டுருவாங்க. படிக்கிறவன்தான் போட்டுக்கணும். ஆனா வாயால எல்லாத்தையும் சொல்லிருவாங்க. நாம நேரெதிர். எழுத்து மேல எழுத்தா அடுக்கி வச்சிட்டு, படிக்கிறப்போ பாதியை முழுங்கிருவோம். பேச்சும் அப்படித்தான். அங்க போய் வேண்டாம்னு சொல்லிட்டுக் காத்திருக்காதீங்க. பட்டினிதான்."

காடோ வெற்றிலையை மென்றபடி தலையை ஆட்டினார். மகனைப் பற்றி அவருக்குப் பெருமைதான்.

குளிர் இறங்கியதும் பாதி ஊர் கயாவுக்குக் கிளம்பிவிடும். புத்தர் ஞானம் பெற்ற மரத்தடியில் ஒரு தடவை விழுந்து கும்பிட்டுவிட்டால் போதும், செத்தாலும் குறையில்லை என்பார்கள் பெரியவர்கள். காடோ அதுவரை போனதில்லை. முதலில் மாடுகள் இருந்தன, பிறகு மனைவியின் நோய், பிறகு வெளிநாட்டில் மகன். அந்த வருடம் அக்கம்பக்கத்தார் பிடித்த பேருந்தில் யாரோ வராமல் போய், ஓர் இடம் காலியானது. நிதுப்பின் மனைவி த்ஷோக்கே தன் தாய்வீட்டுக்குப் போயிருந்த நாள். அப்பாவும் மகனும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, கயா பஸ்ல ஒரு இடம் இருக்கு. போறீங்களா?"

காடோவின் கை தட்டில் நின்றது. அப்புறம் அது மெல்ல உயர்ந்து வாயைப் பொத்தியது. "எனக்கெதுக்குப்பா? முட்டி மடங்க மாட்டேங்குது. உங்க அத்தைக்குக் குடு."

"சரிப்பா" என்றான் நிதுப். எழுந்து கைகழுவி, அங்கேயே நின்று அத்தைக்குப் போன் போட்டான். இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்தது. தெளிவாகக் கேட்டோம், தெளிவாகப் பதில் வந்தது என்று அவனுக்குத் திருப்தி வேறு. அப்பா சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததை அவன் பார்க்கவில்லை.

பேருந்து கிளம்பும் காலையில் காடோ பண்டிகைக்குக் கட்டும் பட்டு அங்கியில் வந்திருந்தார். தோளில் வெள்ளைத் துண்டு. அத்தையின் மூட்டையைத் தானே ஏற்றி, அவள் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

"எறங்குண்ணே, என் எடத்தைப் பட்டா போட்டுக்காதே" என்று அத்தை சிரித்தாள்.

"சூடு பண்ணி வச்சிருக்கேன், உக்காரு" என்று இறங்கினார். பேருந்து வளைவில் மறைந்த பிறகும் அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

அன்று மாலை திரும்பி வந்த த்ஷோக்கே, கொடியில் கிடந்த பட்டு அங்கியைப் பார்த்தாள். "மாமாகிட்ட எத்தனை தடவை கேட்டே?"

"ஒரு தடவை. வேண்டாம்னுட்டார்."

"ஒரு தடவையா?" அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கல்லு மனசா உனக்கு? ஒரு வெத்தலைய நீட்டினாக்கூட ரெண்டு தடவை வேண்டாம்பாரே அவரு!"

 நிதுப் ஓடிப்போய் அப்பாவின் முன்னால் உட்கார்ந்தான். "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குப் போக ஆசையா இருந்துச்சா?"

காடோ அவனை வாஞ்சையோடு பார்த்தார். "அப்படிக் கேட்டா நான் என்னப்பா சொல்றது?"

"அடுத்த குளிருக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு வீண் சிரமம்..." கை மறுபடி வாய்க்குப் போனது. இந்தத் தடவை நிதுப் விடவில்லை. கேட்டான், மறுபடியும் கேட்டான். காடோ கடைசியில், "சரி, பாக்கலாம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த குளிர் அவருக்கு வரவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டார். தகனம் முடிந்தது. நாற்பத்தொன்பது நாள் வரை இறந்தவர் வீட்டைச் சுற்றியே இருப்பார் என்பதால், வேளைதோறும் அவருக்கு முதல் சோறு எடுத்துவைத்துப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். சிவப்பரிசிச் சோறு, பாலாடைக்கட்டி போட்ட மிளகாய், ஓரத்தில் வெற்றிலை. நிதுப் தட்டை வைத்தான்.

"அப்பா, சாப்பிட வாங்க." கொஞ்சம் பொறுத்து, "வாங்கப்பா." பிறகு, "அப்பா, வாங்க."

"ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்டா" என்றாள் அத்தை.

"போதாது அத்தை" என்று உடைந்து அழுதான் நிதுப்.

எல்லோரும் எழுந்து போன பிறகு அவன் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். சோற்றின் ஆவி அடங்கிவிட்டிருந்தது.

"அப்பா, கயாவுக்குப் போலாமா?" என்று கேட்டான்.  மறுபடி கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.