வழிந்தால் நிறுத்தலாம்

தளம் போட்ட நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு, சித்தாளின் குடத்தில் தண்ணீர் வாய்க்கு மேலே ஒன்றரை முழம் எழும்பி நின்றது. குடம் சாதாரண எவர்சில்வர் குடம், இடுப்பில் ஒரு நசுங்கல் உண்டு. தண்ணீர் லாரித் தண்ணீர், லேசாக டீசல் வாசம் அடிக்கும். வாய்க்கு மேலே நின்ற தண்ணீருக்குச் சுற்றிலும் தடுப்பு எதுவும் இல்லை, அது பாட்டுக்கு நின்றது. குழாயைப் பிடித்திருந்த அளவுக்காரர் அதைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். வீட்டுக்கு ஒரு குடம், வழிந்ததும் நிறுத்த வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த உத்தரவு. வழியவில்லை. அதனால் அவர் நிறுத்தவில்லை.

சித்தாள் இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டுக்குத் தண்ணீரும் கலவையும் தலையில் ஏற்றியவள். சாரப் பலகையில் நடக்கும்போது குடத்திலிருந்து ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்ததை யாரும் கண்டதில்லை. அவள் புருஷன் கொத்தனார். ஊர் அவரை நூல் என்றுதான் கூப்பிடும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது கொத்து வேலைக் கணக்கு. மற்றவர்கள் இரண்டு செங்கலுக்கு நடுவே நாலு நூல் கலவை வைத்தால் இவர் ஒரு நூல்தான் வைப்பார். கேட்டால் சிமெண்டு மிச்சம் என்பார். “இவன் சுவர் கட்டலப்பா, தபால் தலை ஒட்டுறான்” என்று மேஸ்திரி சொல்லிச் சிரித்ததில் பாதி வேலைகள் கையை விட்டுப் போயின. அதனால் இருவரும் ஆறு வருஷமாக நூலின் தங்கை வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். நாத்தனார் கெட்டவள் இல்லை, வாய்தான் நீளம். “அண்ணி, அடுத்த மாசம் அந்த ரூம்ல தையல் மிஷின் போடப் போறோம். சும்மா காதுல போட்டு வச்சேன், வேற ஒண்ணுமில்ல” என்று சோறு போடும்போது சொன்னாள். சித்தாள் தட்டோடு எழுந்துவிட்டாள்.

தெருக்கோடியில் அவர்கள் கட்டியது ஒரே அறை. பத்துக்குப் பன்னிரண்டு. செங்கல் பாதி இந்த வேலையில் மிஞ்சியது, பாதி அந்த வேலையில் மிஞ்சியது. பூச்சு இல்லை, நாலு சுவரும் நூலின் ஒரு நூல் சந்துகளோடு அப்படியே நின்றன. தளம் போட்டாயிற்று. காங்கிரீட் வெயிலில் காய்ந்து இறுகுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தண்ணீர் குடித்துத்தான் இறுகும், இருபத்தோரு நாள் குடிக்க வேண்டும், இடையில் ஒரு நாள் வறண்டாலும் வெடித்துவிடும். தளத்தின் மேல் பாத்தி கட்டி இரண்டு நாள் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் தெருக் குழாய்கள் நின்றுபோய் லாரி வந்தது. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன், தண்ணீர் கட்டிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டான். ஒரு தளத்துக்கே இருபது வருஷம் ஆயிருந்தது. வெடித்தால் இன்னொன்றுக்கு ஆயுசு பத்தாது.

நாலாம் நாள் அவள் வரிசையில் நின்றபோது தண்ணீரிடம் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் பொறு என்று மட்டும் சொன்னாள், சாரத்தில் ஏறும்போது எப்போதும் சொல்வதுதான். அது பொறுத்தது. ஒன்றரை முழத்தோடு தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். மின்கம்பி தாழ்ந்திருந்த இடத்தில் அவள் குனிந்தாள், தண்ணீரும் குனிந்தது. ஏணியில் ஏறித் தளத்தில் சாய்த்தாள், பாத்தி நிறைந்தது. நூல் வாயில் பீடியை வைத்துக்கொண்டு பற்றவைக்க மறந்து நின்றார்.

“எப்படி நிக்குது?” என்றார்.

“தளம் போடறப்ப நாங்க வரிசையா நின்னு சட்டி மாத்துவோமில்ல, அது மாதிரிதாங்க. உள்ள இருக்கிற சொட்டுக்கு எல்லாப் பக்கமும் கை. ஓரத்துல இருக்கிறதுக்கு வெளிப்பக்கம் பிடிக்க ஆளில்ல. அதனால உள்ளாற இருக்கிறவள விடாம இறுக்கிப் பிடிச்சுக்குது. தண்ணிக்குத் தோலு வந்த மாதிரி ஆயிடுது.”

“அதுக்காக ஒன்றரை முழமா?”

“எனக்கென்ன தெரியும். அதுங்களுக்குள்ள பழக்கம் அப்படி.”

ஏழாம் நாள் ஓர் ஆள் உயரம் நின்றது. பத்தாம் நாள் தண்ணீர்த் தூணுக்குள் ஒரு தும்பி மாட்டிக்கொண்டு, பொறுமையாக நடந்து வெளியே வந்தது. தெருவில் மற்றவர்களும் முயன்றார்கள். அவசரக் கைகள், தண்ணீர் விளிம்பைத் தொட்டதுமே வழிந்தது, அளவுக்காரர் நிறுத்தினார். அவர்கள் லாரி அனுப்பும் குடிநீர் அலுவலகத்துக்கு மனுப் போட்டார்கள். அலுவலகம் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியாரை அனுப்பியது. அவர் அடிக்கோலும் புத்தகமும் கொண்டுவந்து, முக்காலி மேல் ஏறி அளந்து, புத்தகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“தண்ணிக்குப் பரப்பு இழுவிசை இருக்குதான். ஊசி மிதக்கும், பூச்சி நடக்கும், தப்பில்ல. ஆனா விளிம்புக்கு மேல ரெண்டு நூல் வரைக்கும்தாம்மா அனுமதி.”

“மீதிய இங்கயே கொட்டிடவா சார்?” என்றாள் சித்தாள். வாத்தியார் புத்தகத்தை மூடினார். மட்டப்பலகையால் வழித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அளவுக்காரர் வழித்தார். பலகை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது, தண்ணீர் பின்னாலேயே மூடிக்கொண்டது. பலகைதான் நனைந்தது.

வழி சொன்னது நாத்தனார். சித்தாளும் நூலும் குடிப்பது அவள் வீட்டுக் குடத்திலிருந்து என்பது அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளாக நெஞ்சில் கிடந்தது. “குடிக்க எங்க குடம், கொட்ட அவங்க குடமா? பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தெரியும், துளி சோப்பு பட்டாப் போதும், தண்ணி பிடிச்ச பிடிய விட்டுடும்” என்று வரிசையில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். பதினாறாம் நாள் உத்தரவு ஒட்டினார்கள். இனி குடத்தின் வாயில் சோப்புத் தடவிக்கொண்டு வர வேண்டும், எல்லாரும்.

சித்தாள் தடவிக்கொண்டுதான் வந்தாள், உத்தரவை மீறியவள் என்ற பேர் வேண்டாமென்று. வாயளவு வந்த தண்ணீர் ஒரு விரல்கடை மேலெழும்பி, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி, நாலு பக்கமும் சரிந்தது. அளவுக்காரர் குழாயை மூடினார். மூடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குடம் தளத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. மத்தியானத்துக்குள் பாத்தி வறண்டு வெளுத்தது. சித்தாள் ஏணியடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அஞ்சு நாள்தான் இருந்துச்சு” என்றாள்.

நூல் வெளிச்சுவரில் சாய்ந்தார். சட்டென்று முதுகை எடுத்தார். சட்டை ஈரமாயிருந்தது.

லாரி நிற்பது அவர்கள் சுவரோரம். சோப்பு உத்தரவால் அன்று தெரு முழுக்க எல்லாக் குடமும் வழிந்திருந்தது, வழிந்ததெல்லாம் அந்தச் சுவரடியில் போய்த் தேங்கியிருந்தது. நுரையை மண் வாங்கிக்கொண்டது. தண்ணீர் ஒரு நூல் சந்துகளுக்குள் நுழைந்து ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் வரி, நாலாம் வரி. இருவரும் பார்க்கப் பார்க்கச் செங்கல் கறுத்தது. நூல் சுவரில் காதை வைத்தார், மாடு தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

“தண்ணிக்குச் செங்கல்லுன்னா ஆசை, தொத்திக்கும்” என்றார் நூல், பழைய மேஸ்திரி எதிரில் நிற்பதுபோல நிமிர்ந்து. “சந்து அகலமா இருந்தா நடுவுல இருக்கிற தண்ணியோட பாரம் கீழ இழுத்துடும். சந்து குறுகலா இருந்தா பாரம் கம்மி, ரெண்டு பக்கச் செங்கல்லும் சேர்ந்து தூக்கிவிடும். குறுகக் குறுக உசரும்.”

“இது தெரிஞ்சுதான் அப்படிக் கட்டுனீங்களா?”

“சிமெண்டு பத்தாமக் கட்டினேன்.”

சாயங்காலத்துக்குள் தண்ணீர் பத்தடி ஏறித் தளத்தை அடியிலிருந்து தொட்டது, பிறகு மேலே வந்து பாத்தியில் நின்றது. ஐந்து நாளும் நின்றது. இருபத்திரண்டாம் நாள் முட்டுக் கம்புகளைத் தட்டிவிட்டு, தளத்தைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்தார்கள். நூல் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், வெண்கலம் மாதிரிக் கேட்டது, ஒரு மயிரிழை வெடிப்பு இல்லை. அன்றே பாயையும் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். நாத்தனார் விளக்குமாறு ஒன்று வாங்கிக் கொடுத்தாள், பின்னறையில் நின்று கொஞ்சம் அழவும் செய்தாள்.

சுவர் குடிப்பதை நிறுத்தவில்லை. லாரி வராத நாளிலும் பூமிக்கு அடியிலிருந்து எதையோ தேடி எடுத்துவந்தது. பாத்தி நிறைந்து, தண்ணீர் தளத்தின் ஓரத்தைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு, விழாமல் நின்றது. அதன் கீழே மக்கள் வெயிலுக்கு ஒதுங்கினார்கள். வீட்டுக்குள் எப்போதும் ஓதம், துணி காயாது. சித்தாள் அதைக் குறையாக யாரிடமும் சொன்னதில்லை.

கோடை முற்றி லாரியும் நின்ற பிறகு ஒருநாள் அளவுக்காரர் தன் வீட்டுக் குடத்தோடு ஏணியடியில் வந்து நின்றார். குடத்தின் வாயைத் துடைத்து, சோப்பில்லை என்று காட்டினார். சித்தாள் பாத்திக் கரையில் விரலளவு திறந்து ஒரு ரப்பர் குழாயைத் தொங்கவிட்டாள்.

“எவ்வளவும்மா பிடிச்சுக்கலாம்?” என்றார்.

“வீட்டுக்கு ஒரு குடம்தாண்ணே. வழிஞ்சா நிறுத்திடுவேன்.”

அவர் குடத்தைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று கூச்சத்தோடு சொன்னார். இரண்டு முழம் நின்றது. தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மின்கம்பிக்குக் கீழே அவர் குனிந்தார், தண்ணீர் குனிந்தது. எதிரே சைக்கிளில் வந்த வாத்தியார் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, மணியடித்துவிட்டுப் போனார்.