பதினோரு காவிக் குறிகள்

1

இந்தக் கதை ஆசைப்பட்டு எழுத வந்தது அல்ல. ராயபுரம் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற பரசுராமன் என் தோஸ்து. அவன் முதலாளி நடத்தும் மாதப் பத்திரிகையில் நாலு பக்கம் காலியாம். "நைனா, இந்த ஊர்ல கீற கூரையெல்லாம் ஏறி எறங்கினவன் நீ. ஒரு கதை எழுதிக் குடேன்" என்றான்.

"கதைன்னா பொய்தானே?"

"பொய்யோ மெய்யோ, திங்கக்கெழமைக்குள்ள குடு."

திங்கட்கிழமை என்றான், அதனால்தான் ஒத்துக்கொண்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். (பின்னால் சொல்கிறேன் என்பவனை நான் நம்புவதில்லை. நீங்களும் என்னை நம்ப வேண்டாம்.)

இன்று சனிக்கிழமை. 1934ஆம் வருஷம், புரட்டாசிக் கடைசி. கடல் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருக்கிறது.

2

முதல் வரி மூன்று முறை எழுதினேன்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் காலைக் கதிரவன் தன் பொற்— (வேண்டாம். அங்கே என்ஜின் புகையில் கதிரவனை எவன் பார்த்தான்?)

ஓர் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் கூரை— (ஊர் பெயர் தெரியாதவன் மாதிரி எதற்கு நடிப்பு?)

கோதண்டம் மேஸ்திரி நல்லவன்— (இதை எழுதியதும் பென்சில் முனை உடைந்தது. சரியாகத்தான் உடைந்தது.)

கோதண்டம் நான்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக மரம் தட்டுகிறேன்.

3

மரம் தட்டுவது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஒன்றும் விளங்காது.

மழைக்கு முன்னால் பள்ளிக்கூடங்களின் கூரையும் ஜன்னலும் பழுது பார்க்க எங்கள் கட்டட ஆபீசில் ஒரு பட்டியல் போடுவார்கள். இந்த வருஷம் பதினாலு பள்ளிக்கூடம். ஓடும் மரமும் வந்திருப்பது ஐந்துக்குத்தான். எந்த ஐந்து என்பதுதான் கேள்வி.

முதல் வாரம் நான் தனியாகப் போவேன். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி, ஓடு தாங்குகிற கைமரம் ஒவ்வொன்றையும் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டுவேன். நல்ல மரம் 'டங்' என்னும். உள்ளே கரையான் தின்ற மரம் 'பொத்' என்னும். பொத் என்றால் காவிக்கட்டியால் ஒரு கோடு. ஜன்னல் கெட்டிருந்தால் பெருக்கல் குறி. அடுத்த வாரம் ஓவர்சியர் வருவார். அவர் ஏறமாட்டார். கீழே நின்று கோட்டை எண்ணி எழுதிக்கொள்வார். கோடு அதிகமாக இருக்கும் பள்ளிக்கூடம் பட்டியலில் ஏறும்.

கோடு எதற்கு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒருமுறை வேறொரு பள்ளிக்கூடத்தில் சொன்னேன். நான் நாலு கோடு போட்டேன், ஓவர்சியர் போனபோது பதினேழு இருந்தது! செங்கல்லை உரைத்து வாத்தியாரே போட்டிருக்கிறார். அன்றோடு வாயைக் கட்டிக்கொண்டேன்.

(பரசுராமா, இந்தப் பத்தியைக் குறைக்காதே. கதையே இதில்தான் கிடக்கிறது.)

4

கொருக்குப்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு பெரிய அறை. இருபத்தாறு கைமரத்தில் பதினொன்று பொத். நாலு ஜன்னலில் இரண்டுக்குக் கதவே இல்லை. உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்து விழுந்தாயிற்று.

அங்கே டீச்சர் தேவப்பிரியம். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். நான் கீழே இறங்கினதும் அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா இது? ரத்தம் தெளிச்ச மாதிரி இருக்கே. பிள்ளைக பயப்படுமே."

"ஆபீஸ் விஷயம்மா."

"எதுக்குன்னு கேக்கக் கூடாதோ?"

"உங்களுக்கு எதுக்கு அது? அடுத்த வாரம் ஆபீசர் வருவாரு. அவராண்ட கேட்டுக்குங்க."

இந்த அம்மாளை நான் சரியாக எழுதுகிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. எடுத்தெறிந்து பேசுகிறவள் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். எடுத்தெறிந்து பேசியது நான். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

5

அடுத்த வியாழக்கிழமை ஓவர்சியர் சுப்புராஜுவோடு போனேன்.

வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே கால் வைத்தேன், கண் கூசியது. சுவரெல்லாம் வெள்ளை. அண்ணாந்தேன். கைமரம் இருபத்தாறும் வெள்ளை. ஒரு கோடு இல்லை. கதவில்லாத இரண்டு ஜன்னலிலும் பழைய புடவையைத் துவைத்து மடிப்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். பெருக்கல் குறி அதற்குப் பின்னால் எங்கோ.

ஆபீசர் வருகிறார் என்றால் கலீஜாக இருக்கலாமா? கல்யாணத்துக்குச் சம்பந்தி வருகிறமாதிரி நினைத்துவிட்டார்கள். பிள்ளைகளின் தாய்மார் ஆளுக்கொரு கூலி நாளை விட்டுவிட்டு, எண்ணூரிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்து, மூங்கிலில் மட்டை கட்டிப் பூசியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி குப்பம்மா. கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது.

"எப்டி கீது மேஸ்திரி நம்ம ஸ்கோலு? சோக்கா இல்ல? எம் பொண்ணு ராஜாத்தி வூட்டுக்கே வரமாட்டேன்றா, இங்கியே படுத்துக்கிறேன்றா!"

ராஜாத்தி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்பீர்கள். மூன்றாவது வரிசை. மேலே ஒன்பதாவது கைமரம். பொத்திலும் பொத்து அது.

ஓவர்சியர் அண்ணாந்து பார்த்தார். "என்ன மேஸ்திரி, ஒரு குறிகூடக் காணோம்? கூரை நல்லா இருக்கா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். குப்பம்மா என்னைப் பார்த்தாள்.

"நல்லா கீது சார்" என்றேன்.

"ஜன்னல்ல திரையெல்லாம் கட்டியிருக்காங்களே, பலே!" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்: பழுது இல்லை.

6

ஏன் அப்படிச் சொன்னேன்?

தாய்மார் மனசு நோகக் கூடாதென்று. (இது பொய். பத்திரிகையில் அழகாக இருக்குமே என்று எழுதினேன்.)

டீச்சருக்குத் திட்டு விழக் கூடாதென்று. (பாதிப் பொய்.)

மெய் இதுதான். அதற்கு முந்தின நாள்தான் ஓவர்சியர், "உனக்குக் கண்ணு மங்கிப் போச்சு, இன்னொரு தப்பு வந்தா வீட்டோட இரு" என்றிருந்தார். பதினோரு கோடு போட்டேன், காணாமல் போய்விட்டது என்று சொன்னால், நீ போகவே இல்லை என்பார். கோடு எதற்கென்று டீச்சரிடம் ஏன் சொல்லவில்லை என்பார். யாரையும் நம்பாதவன் கெட்டிக்காரன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாள் கைமரத்தை விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் பூசியிருப்பார்.

பட்டியல் திங்கட்கிழமை காலை பெரிய ஆபீசுக்குப் போகிறது. போய்விட்டால் அடுத்த வருஷம்தான்.

7

பரசுராமன் இதுவரை படித்துவிட்டு, "முடிவு எங்க?" என்றான். மூன்று வைத்திருக்கிறேன் என்றேன்.

ஒன்று: ஐப்பசியில் பெருமழை. கூரை விழுகிறது. அன்று பள்ளிக்கூடம் லீவு. ஒருவருக்கும் காயமில்லை.

"லீவு நாளாப் பாத்து வுழுமா கூரை? ஒன்ன மாதிரி அதுக்கும் கள்ளத்தனமா?"

இரண்டு: கூரை விழவே இல்லை. மேஸ்திரியின் காது தப்பு. எல்லாரும் நலம்.

"ஒன் காது தப்பா?"

என் காது தப்பாது. அடித்துவிட்டேன்.

மூன்று: அன்று லீவு இல்லை. மூன்றாவது வரிசை— (இதை நான் எழுதமாட்டேன். எழுதச் சொன்னால் பென்சிலை ஒடித்துப் போடுவேன்.)

பரசுராமன் காகிதத்தை என் பக்கம் தள்ளினான். "பேஜாரு பண்றியே நைனா. மூணும் ஒக்காந்துகினு எய்தின முடிவு. நடந்து போய்ச் செய்யற முடிவு ஒண்ணுகூட இல்லியே? நாளிக்கி ஞாயித்துக்கெழம. டீச்சரம்மா சாவி குடுக்காதா, கோட்ட மறுபடி போட? ஓவர்சியர் வூடு இங்கதானே, அடுத்த தெருவுல?"

"வேலை போயிடும்டா."

"அத்தையும் எய்து."

எழுதிவிட்டேன்.

8

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது மழை பிடித்திருக்கும். அதனால் முடிவை நான் எழுதவில்லை. என் வார்த்தையை நம்பி நீங்கள் ஏமாற வேண்டாம். நேரே போய்ப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பின்னால், புடவை கட்டின ஜன்னல். புடவையை விலக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெள்ளை மரத்தில் காவிக் கோடு பதினொன்று இருந்தால், நான் போயிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மரமே ஏறியிருந்தால் இந்தக் கதையைக் கிழித்துப் போடுங்கள், ஒன்றுக்கும் ஆகாது.

எல்லாம் வெள்ளையாகவே இருந்தால், உள்ளே போய் நிற்காதீர்கள். வாசலில் நின்றே டீச்சரைக் கூப்பிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லுங்கள். முதலில் மூன்றாவது வரிசையை வெளியே அனுப்பச் சொல்லுங்கள்.

காவிக்கட்டி மேசை மேல்தான் இருக்கிறது. கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு—