குப்பியில் ஒரு துண்டு

...கழுத்தைத்தான் முதலில் கொடுக்க வேண்டும், அருவாமணையில் கழுத்து ஏறிவிட்டால் உடம்பு தானாக வரும், இந்தக் கொடுவா மீன் இன்னும் வாலை அடிக்கிறது, அடி, நன்றாக அடி, எம்.எல்.ஏ. வீட்டுப் புழக்கடையெல்லாம் உன் ரத்தம் தெறிக்கட்டும்... செம்மண்டலத்தில் எத்தனையோ வீடுகளுக்கு வேலம்மாள் மீன் போடுகிறாள், இங்கே மட்டும் ஏன் மீன் கழுத்து மனிதக் கழுத்தாகத் தெரிகிறது? எம்.எல்.ஏ. நடனசபாபதியின் கழுத்து, மைனர் செயினும் சந்தனமுமாக. நாளைக்கு மெட்ராஸ் போகிறார், சட்டசபையில் எந்தச் செலவை வெட்டுவது என்று கை தூக்கப் போகிறார், அந்த வெட்டில் சிதம்பரத்து ஆஸ்பத்திரியின் புற்றுநோய் ஆராய்ச்சி அறையும் போகிறது. டாக்டரம்மா ராமாமிர்தம் சொன்னார்கள், "எங்க மனுவ யாரு படிக்கிறாங்க? நீ அவுங்க வீட்டுக்கு மீன் குடுக்கிறவ, நேர்ல ஒரு வார்த்த சொல்லேன்." பணம் நின்றால் குப்பிகளைக் கொட்டிவிட்டு அறையைப் பூட்டிவிடுவார்களாம். குப்பிகளை என்றால்... அவள் புருஷன் பஞ்சநாதனையா?

செவுளைப் பிய்த்தாள், சிவப்பாக, ஓட்டையாக, புருஷன் கன்னம் கடைசியில் இப்படித்தான் இருந்தது, ஊற்றிய கஞ்சி அது வழியே ஒழுகியது, கடலில் தூக்கம் வராமலிருக்கப் புகையிலை அடக்கிய கன்னம். முதலில் வெறும் வெள்ளைத் திட்டு, பாலாடை ஒட்டியதுபோல, காட்டினான், சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று அவள் சிரித்தாள். சிரித்தாளே! பிறகு ராத்திரி பகல் இல்லாமல் அலறினான், தாடையைச் சுவரில் மோதினான், இதே அருவாமணையில் கழுத்தை வைத்தான், அவள் பிடுங்கினாள், உள்ளங்கை கிழிந்தது... செத்த பிறகு டாக்டரம்மா அந்தக் கன்னத்தைக் கேட்டார்கள், வெள்ளைத் திட்டு எப்போது விஷமாக மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் குப்பத்தில் இன்னொருவன் இப்படிச் சாக வேண்டாம் என்றார்கள். கொடுத்தாள், ஒரு துண்டு குப்பிக்குள் போனது. கொழுந்தன் சின்னதம்பி துடுப்பாலேயே அடித்தான், "எங்க அண்ணன என்னா மீனுன்னு நெனச்சிக் கூறு போட்ட? முழுப் பொணத்தக்கூட குடுக்க மாட்டியாடி?" அடி விழுந்த தோளை இன்னும் சரியாகத் தூக்க முடியவில்லை. அத்தனை அடியும் அந்த ஒரு துண்டுக்காக, அதைச் சாக்கடையில் கொட்டுவார்களா? கொட்டட்டும் பார்க்கலாம், கொட்டுகிற கையை...

கதவு திறந்தது. நடனசபாபதி செம்போடு வந்தார், வாயில் அடக்கியிருந்த புகையிலையை வாழையடியில் துப்பினார். கேள், இப்போதே கேள்.

"ஐயா, சிதம்பரத்துல அந்தப் புத்துநோய் ரூமு... அத மூட உடாதீங்க ஐயா."

"ஒங்கிட்டயும் சொல்லி அனுப்பிச்சா அந்த டாக்டரு? ஏன் வேலம்மா, ரேஷன் அரிசிக்கே ஜனம் மண்டைய ஒடச்சிக்கிது, லாரிய மடக்கிக் கல்லால அடிக்கிறானுவ. இதுல குப்பியில சதைய ஊறப்போட காசு குடுத்தா எவன் ஓட்டுப் போடுவான்? செத்தவன் எழுந்து வருவானா?"

தன் பேச்சுக்குத் தானே வாய் அகலச் சிரித்தார். காலை வெயில் நேராக உள்ளே விழுந்தது. வலது கன்னத்தின் உள்பக்கம்... பாலாடை. அதே வெள்ளை, அதே இடம். வேலம்மாளின் கை மீனோடு நின்றது. சாகட்டும், இந்தச் சிரிப்பில் ஓட்டை விழட்டும், கஞ்சி ஒழுகட்டும், சுவரில் மோதட்டும், அவள் கத்தியை எடுக்கவே வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எவ்வளவு சுலபம்! சொன்னால்? ஆரம்பம்தான், காட்டினால் பிழைக்கலாம், ஆனால் எங்கே காட்டுவார்? அந்த அறையில்தானே, அவரே கை தூக்கிப் பூட்டப்போகிற அறையில்...

அவள் அழுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்தார். "ஒன் புருஷன் அதுல போனவன்தானே? சரி, சரி. மெட்ராஸ் போயி பேசிப் பாக்குறேன். தலைய கொழம்புக்குத் தனியா வையி."

நல்ல வார்த்தைதானே, இதைக் கேட்கத்தானே வந்தாள்? பிறகு ஏன் கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது? முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த வெள்ளையைச் சொல்லாமலே போயிருப்பாள்... அந்த வார்த்தைக்காகவா இவ்வளவு நேரம் காத்திருந்தாள்?

"என்னா வேலம்மா, என் வாயவே பாக்குற?"

கொடுவா எப்போதோ அடங்கியிருந்தது. அருவாமணையில் வழிகிற புது ரத்தம் தன் விரலிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது, சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா, அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்...